சர்வர் பாவம், விட்டுடுங்க

உங்க வீட்டு பீரோவை ஒரு தடவை திறந்து பாருங்க. பட்டுச்சேலை அடுக்குக்குக் கீழேயோ, பத்திரம் வெச்சிருக்கிற ஃபைலுக்குப் பக்கத்துலயோ ஒரு டிவிடி பெட்டி கிடக்கும். மேல மாலையோட பொண்ணு மாப்பிள்ளை படம், சுத்தி ரோஜாப்பூ. உள்ளே ரெண்டு இல்ல மூணு டிஸ்க். தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு நம்ம பக்கம் எந்த ஊரா இருந்தாலும் சரி, பத்து இருபது வருஷத்துக்கு முன்னாடி நடந்த கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா எல்லாம் இப்போ இந்த நிலைமையில்தான் இருக்கு. போட்டுப் பார்க்க பிளேயர் இல்ல. புது லேப்டாப்ல டிஸ்க் போடுற இடமே இல்ல.

இந்த டிஸ்க்கும் நிரந்தரம் இல்ல. கடையில் விற்ற சினிமா டிவிடி அச்சில் அழுத்திச் செய்தது. வீடியோ கடைக்காரர் எழுதிக் கொடுத்த டிவிடி வேற. அதில் ஒரு சாயப் பூச்சு மேலதான் தகவல் இருக்கு. வெயில், சூடு, ஈரம் பட்டா அந்தச் சாயம் கெட்டுப்போகும். எடுத்துக் கொடுத்தவர்கிட்ட ஒரிஜினல் இருக்கும்னு நம்பாதீங்க. டேப்பையும் ஹார்ட் டிஸ்க்கையும் அழிச்சு அழிச்சுத்தான் அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்தியிருப்பார். சில ஸ்டுடியோ இப்போ மொபைல் ரீசார்ஜ் கடையா மாறிடுச்சு.

இதுக்கு நம்ம பசங்க சில பேர் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. வீட்டுல சும்மா கிடக்கிற பழைய லேப்டாப்பை எடுத்து லினக்ஸ் போட்டு, அது மேல ஜெல்லிஃபின் போட்டு, ஒரு மூலையில வைஃபை ரவுட்டர் பக்கத்துல வெச்சுடுறது. ஜெல்லிஃபின் இலவச மென்பொருள், 2018 கடைசியில எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிஞ்சு வந்தது. உங்க வீட்டுக்குன்னு ஒரு சொந்த ஓடிடின்னு வெச்சுக்கோங்க. டிவியிலயும் மொபைல்லயும் ஆப் திறந்தா அத்தை கல்யாணம், தம்பி காதுகுத்துன்னு போஸ்டரோட வரிசையா நிக்கும். இந்த வேலைக்கு நம்ம ஊர்ல லேப்டாப்புக்குப் பஞ்சமே இல்ல. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கின விலையில்லா மடிக்கணினி திட்டத்தில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிச்ச அண்ணன் அக்காக்களுக்குக் கிடைச்ச மெஷின், எத்தனையோ வீட்டுப் பரண்ல இன்னும் உயிரோட இருக்கு.

இதுவரைக்கும் எல்லாம் சூப்பர். அப்புறம் முதல் தடவை குடும்பமே உட்கார்ந்து டிவியில பிளே பட்டனை அழுத்தும். வட்டம் சுத்தும். ரெண்டு நொடி படம் வரும், மறுபடி வட்டம். மூலையில லேப்டாப் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். "இதுக்கு அந்த டிவிடி பிளேயரே தேவலை"ன்னு சித்தப்பா எழுந்து போவார். மறுநாள் நம்ம ஆள் முடிவு பண்ணிடுவான்: "இந்த லேப்டாப்புக்கு தம் இல்லடா. புதுசா ஒரு மெஷின் வாங்கணும்." வாங்கக் காசு இருக்காது. சர்வர் மறுபடி பரண் ஏறும், டிஸ்க் மறுபடி பீரோவுக்குள்ள போகும்.

அந்த முடிவு தப்புன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பழைய மெஷினுக்கு வீடியோ அனுப்பத் தெரியும், அதுக்குத் தேவையான தெம்பும் இருக்கு. நாமதான் அது செய்யக் கூடாத வேலையை அது தலையில கட்டுறோம்.

என்ன வேலை அது?

டிவி ஒரு வீடியோவைக் கேட்கும்போது, தனக்கு என்னென்ன ஃபார்மேட் புரியும்னு ஒரு லிஸ்ட்டும் சேர்த்துச் சொல்லும். ஃபைல் அந்த லிஸ்ட்டுக்குள்ள இருந்தா சர்வருக்கு வேலையே இல்ல. டிஸ்க்கிலிருந்து படிச்சு வயர்ல தள்ளிவிட்டா போதும். இதுதான் டைரக்ட் பிளே. ரெண்டு மணி நேர டிவிடி வீடியோன்னா நொடிக்கு சுமார் 5 மெகாபிட். பழைய லேப்டாப்ல இருக்கிற 100 மெகாபிட் நெட்வொர்க் போர்ட்டே அதுக்குத் தாராளம்.

லிஸ்ட்டுல இல்லைன்னா கதை வேற. டிவி கேட்குது தமிழ்ல, புத்தகம் இருக்கு ஜப்பானிய மொழியில. சர்வர் ஒவ்வொரு வரியா மொழிபெயர்த்துக்கிட்டே, அதே வேகத்துல சத்தமாப் படிச்சும் காட்டணும். இதுதான் டிரான்ஸ்கோடிங். கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு ஃபுல் எச்டி ஃபிரேம்ல 20.7 லட்சம் பிக்சல். நொடிக்கு 25 ஃபிரேம்னா 5.18 கோடி. 4கே ஆனா 20.7 கோடி. இத்தனையையும் ஒவ்வொரு நொடியும் பிரிச்சு, மறுபடி சுருக்கிக் கட்டணும். ஒரு நொடி பின்தங்கினாலும் வட்டம் சுத்தும்.

புது சிப்ல இதுக்குன்னே தனியா ஒரு பகுதி இருக்கு. உதாரணமா எச்இவிசி வீடியோவைப் பிரிக்கிற வன்பொருள் இன்டெல்லோட ஸ்கைலேக் தலைமுறையில, 2015-ல்தான் வந்தது. 10 பிட் எச்இவிசிக்கு அதுக்கு அடுத்த கேபி லேக் வரைக்கும் காத்திருக்கணும். 2012 மெஷின்கிட்ட போய் எச்இவிசியைப் பிரின்னு சொன்னா, பாவம், முழு வேலையையும் சாதாரண சிபியூவாலயே செய்யும். ராஸ்பெரி பை 5 புதுசாச்சேன்னு நினைச்சா, 2023-ல் வந்த அதிலயும் வீடியோவைச் சுருக்குற வன்பொருள் கிடையாது. அதனால புதுசா பழசான்னு பார்க்கிறதைவிட, இந்த வேலையே தேவையான்னு கேட்கிறதுதான் புத்திசாலித்தனம்.

பெரிய ஆளுங்க எப்படிச் செய்றாங்க?

யூடியூப்ல ஒரு வீடியோவை நீங்க ஏத்தினதும் உடனே எல்லாத் தரத்துலயும் கிடைக்காது, கவனிச்சிருப்பீங்க. முதல்ல மங்கலா இருக்கும், கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எச்டி வரும். அந்த இடைவெளியில கூகுள் அந்த வீடியோவைப் பல அளவுல மாத்தி எடுத்து வெச்சுக்குது. இந்த வேலைக்குன்னே சொந்தமா ஒரு சிப் செஞ்சிருக்கிறதா 2021-ல் அவங்களே வெளியில சொன்னாங்க. நெட்ஃபிளிக்ஸும் அப்படித்தான். படம் வெளியாகும் முன்னாடியே பல தரத்துல சுருக்கி அடுக்கி வெச்சிடுது. நீங்க பிளே அழுத்தும்போது ஏற்கெனவே தயாரா இருக்கிற ஃபைல்தான் வருது.

உலகத்துலயே அதிக கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற கம்பெனிகளே பெரும்பாலும் முன்கூட்டி ஒரு தடவை மாத்தி வெச்சுக்கும்போது, பரண்லேர்ந்து இறக்கின லேப்டாப்பை ஒவ்வொரு தடவையும் நேரலையா மாத்தச் சொல்றது என்ன நியாயம்?

இதை நம்ம பள்ளத்தாக்குக்காரங்களுக்கு ரொம்ப விளக்க வேண்டியதில்ல. மேற்கே ஓடின பெரியாற்றுத் தண்ணியைக் கிழக்கே கொண்டுவர பென்னிகுவிக் காலத்துல அணையைக் கட்டி, மலையை ஒரே ஒரு தடவை குடைஞ்சாங்க. 1895-லேர்ந்து தண்ணி அந்தச் சுரங்கம் வழியாத்தான் வருது. லோயர் கேம்ப்ல கரண்ட் எடுத்ததுக்கு அப்புறமும் அதே தண்ணி ஆற்றிலும் வாய்க்காலிலும் தானாப் பாய்ஞ்சு, கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் போகுது. ஜூன்ல மதகைத் திறந்தா போதும், வருஷா வருஷம் யாரும் போய் மலையைக் குடையறதில்ல. கஷ்டமான வேலையை முன்னாடியே ஒரு தடவை முடிச்சுட்டா, அப்புறம் சரிவே மிச்சத்தைப் பார்த்துக்கும். வீட்டு சர்வருக்கும் அதே இன்ஜினியரிங்தான்.

எங்க இடிக்குது, என்ன செய்யணும்?

முதல்ல நோயைப் பாருங்க. ஜெல்லிஃபின் டேஷ்போர்டுல, ஒருத்தர் வீடியோ பார்த்துக்கிட்டு இருக்கும்போது அது டைரக்ட் பிளேயா, டிரான்ஸ்கோடான்னு காட்டும். டிரான்ஸ்கோடுன்னா காரணத்தையும் சொல்லும். அதைப் படிக்காம மெஷினைத் திட்டாதீங்க. நம்ம வீட்டு ஃபைல்கள்ல காரணம் பெரும்பாலும் இந்த அஞ்சுல ஒண்ணா இருக்கும்.

ஒண்ணு, கல்யாண டிவிடி. உள்ளே இருக்கிறது எம்பெக்-2 வீடியோ, 720-க்கு 576 அளவு. பழைய குழாய் டிவிக்காக ஒவ்வொரு ஃபிரேமையும் ஒத்தைப்படைக் கோடு, இரட்டைப்படைக் கோடுன்னு ரெண்டாப் பிரிச்சுப் பதிஞ்சிருப்பாங்க. இன்னிக்கு டிவியில அப்படியே காட்டினா, ஆள் நகரும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். பல டிவி ஆப்புக்கும் பிரவுசருக்கும் எம்பெக்-2 புரியாது, அதனால சர்வர் கோடு சேர்க்கிறது, மாத்துறது எல்லாத்தையும் தானே செய்யப் பார்க்கும். இதை ஒரு தடவை எச்.264-க்கு மாத்திடுங்க. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க்கை அப்படியே காப்பி பண்ணி, அந்த ஃபோல்டரைத் திறந்து, எச்.264, தரம் 20 பக்கத்துல, டீஇன்டர்லேஸ் ஆன், ஃபிரேம் 50, ஒலி ஏஏசி ஸ்டீரியோ, எம்பி4 ஃபைல்னு அமைச்சுட்டு, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிடுங்க. ஃபிரேம் ஏன் 50? பிரிச்சுப் பதிஞ்ச ரெண்டு பாதியும் வெவ்வேறு நொடித்துளியில எடுத்தது. ரெண்டையும் தனித்தனி ஃபிரேமா மாத்தினாத்தான் நாதஸ்வரக்காரர் விரல் நிஜத்துல ஓடின மாதிரியே ஓடும்.

ரெண்டு, மொபைல் வீடியோ. ஐபோன் 2017-லேர்ந்து எச்இவிசியில பதியுது. பல ஆண்ட்ராய்டு போன்லயும் அந்த வசதி இருக்கு. 4கே டிவிக்கு இது பெரும்பாலும் நேராப் புரியும், விட்டுடலாம். பழைய எச்டி டிவிக்குத்தான் திண்டாட்டம். அதைவிடப் பெரிய தொல்லை எச்டிஆர். எச்டிஆர் இல்லாத டிவியில அதைக் காட்டணும்னா நிறத்தையெல்லாம் மறுபடி கணக்கு போடணும், இல்லைன்னா மாப்பிள்ளை வேட்டிக்கும் சுவத்துக்கும் வித்தியாசம் தெரியாம வெளுத்துப்போகும். அடுத்த விசேஷத்துக்குப் போகும் முன்னாடி போன் கேமரா செட்டிங்ல எச்டிஆர் வீடியோவை ஆஃப் பண்ணிடுங்க. பத்து நொடி வேலை, பின்னாடி பத்து மணி நேரம் மிச்சம்.

மூணு, ஒலி. வீடியோ சரியா இருக்கும், ஆனா டிடிஎஸ் மாதிரி ஒலி டிவிக்குப் புரியாது. இதுல பயப்பட ஒண்ணுமில்ல. ஒலியை மட்டும் மாத்துறது லேசான வேலை, பழைய சிபியூவும் தாங்கும். அதேபோல எம்கேவி பெட்டிக்குள்ள இருக்கிற எச்.264-ஐ எம்பி4 பெட்டிக்கு மாத்துறது டிரான்ஸ்கோடிங்கே கிடையாது. சோற்றை டிபன் பாக்ஸ் மாத்தி வைக்கிற மாதிரி. தரம் ஒரு துளி குறையாது, சில நிமிஷத்துல முடியும்.

நாலு, சப்டைட்டில். இதை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. காசு கொடுத்து வாங்கின டிவிடி, புளூரே டிஸ்க்ல சப்டைட்டில் எழுத்தா இருக்காது, சின்னச் சின்னப் படமா இருக்கும். அதைக் காட்டத் தெரியாத ஆப்புக்கு, சர்வர் ஒவ்வொரு ஃபிரேம் மேலயும் அந்தப் படத்தை ஒட்டி முழு வீடியோவையும் மறுபடி சுருக்கித் தரும். மத்தபடி எல்லாம் பொருந்தின ஃபைல்கூட இந்த ஒரு காரணத்தால திணறும். சப்டைட்டிலை ஆஃப் பண்ணிப் பாருங்க. வட்டம் நின்னுட்டா குற்றவாளி அதுதான். எழுத்து வடிவ எஸ்ஆர்டி ஃபைலைப் பக்கத்துல வெச்சா பிரச்சினை தீர்ந்தது.

அஞ்சு, ஆப்ல இருக்கிற தர அளவு. ஆட்டோன்னு இருந்தா, வைஃபை கொஞ்சம் தொய்ஞ்சதும் "எனக்குச் சின்னதா கொடு"ன்னு ஆப் கேட்கும். சர்வர் உடனே ஃபைலைச் சின்னதாக்க உட்காரும். வீட்டுக்குள்ள பார்க்கிற டிவியில அதை அதிகபட்சத்துக்கு மாத்தி வைங்க. முடிஞ்சா சர்வருக்காவது வயர் போடுங்க.

இந்த அஞ்சையும் பார்த்தா ஒண்ணு தெரியும். ஒரு இடத்துலகூட புது மெஷின் தேவைப்படல. முன்கூட்டி மாத்துறதுல இன்னொரு லாபமும் இருக்கு. நேரலையா மாத்தும்போது சர்வருக்கு அவகாசம் கிடையாது, அவசர அவசரமா சுருக்கும், படம் கட்டம் கட்டமா உடையும். ராத்திரி முழுக்க நேரம் கொடுத்தா அதே பழைய சிபியூ நிதானமா, அதே அளவுல இன்னும் நல்லாச் சுருக்கும்.

"மச்சி, ஒரு மினி பிசி வாங்கிட்டா போச்சே?"

நியாயமான கேள்வி. 2023-ல் வந்த இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி கரண்ட் குறைவா எடுக்கும், வீடியோ மாத்துற வன்பொருளும் உள்ளேயே இருக்கு. காசு இருந்தா வாங்குங்க, நல்ல பொருள்தான். ஆனா காசு இல்லாதவன் "என்னால முடியாது"ன்னு விட்டுடக் கூடாது என்பதுதான் என் வாதம். வாங்கினவங்களுக்கும் சொல்றேன், பீரோ டிஸ்க்கை நீங்களும் காப்பி பண்ணித்தான் ஆகணும். அந்த ஒரு வேலையை எந்தச் சிப்பும் உங்களுக்குப் பதிலா செய்யாது.

பழைய டெஸ்க்டாப்ல கிராபிக்ஸ் கார்டு மாட்டி சர்வராக்குறவங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மெஷின் சராசரியா 70 வாட் எடுத்து ராத்திரி பகலா ஓடினா, 60 நாள்ல 100.8 யூனிட். 2016-லேர்ந்து நம்ம வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு இலவசமாத் தந்ததே 100 யூனிட்தான். அந்த மொத்தச் சலுகையையும் சர்வர் ஒண்ணே தின்னுடும். திரையை மூடின பழைய லேப்டாப் 12 வாட்டுல ஓடினா அதே 60 நாளுக்கு 17 யூனிட் சொச்சம். கரண்ட் பில் கட்டுறது அப்பா. அந்த பில்லைப் பார்த்தும் அவர் சர்வரை ஓடவிடணும்னா அது சிக்கனமா இருக்கணும். லேப்டாப்ல பேட்டரி இருக்கிறதால கரண்ட் போய் வந்தாலும் அணையாது என்பது கூடுதல் லாபம். ஆனா பேட்டரி உப்பியிருந்தா உடனே கழட்டிடுங்க, அதுல விளையாட்டு வேண்டாம்.

"கூகுள் போட்டோஸ்ல போட்டா போதாதா?"ன்னும் கேட்பாங்க. அளவில்லாம இலவசமாத் தந்த காலம் 2021 ஜூன் 1-ஓட முடிஞ்சுது. இப்போ மெயில், டிரைவ், போட்டோ எல்லாத்துக்கும் சேர்த்து இலவசம் 15 ஜிபி. ரெண்டு கல்யாணம் போட்டா அது நிறைஞ்சிடும். மாறா, நொடிக்கு 3 மெகாபிட்டுன்னு வெச்சா ரெண்டு மணி நேர டிஸ்க் ஒண்ணு 2.7 ஜிபி. மூணு டிஸ்க் கல்யாணம் 8 ஜிபி சொச்சம். ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்ல நூறு கல்யாணத்துக்கு மேல வைக்கலாம். ஒரு தெருவே அடங்கும்.

ஒரு இடத்துல மட்டும் எதிர்வாதம் ஜெயிக்கும். வெளியூர்ல, சிக்னல் மெலிஞ்ச இடத்துல மொபைல்ல பார்க்கணும்னா பெரிய ஃபைல் ஓடாது. சின்னதாக்கித்தான் ஆகணும். அதுக்கும் வழி முன்கூட்டி மாத்துறதுதான். அதே வீடியோவுக்கு இன்னொரு சின்னப் பிரதி செஞ்சு அதே ஃபோல்டர்ல வெச்சுடுங்க. சினிமா வகை லைப்ரரியில ஃபைல் பெயரோட கடைசியில 480 மாதிரி ஒரு அடையாளம் சேர்த்தா, ஜெல்லிஃபின் ரெண்டையும் ஒரே வீடியோவோட ரெண்டு பதிப்பாக் காட்டும். இடம் மலிவு, சிபியூ நேரம்தான் நமக்கு விலை.

எதுக்கு இவ்வளவு?

எங்க அத்தை கல்யாண டிஸ்க்ல, பந்தி பரிமாறும்போது எங்க அப்பத்தா கேமராவைப் பார்த்து "என்னய ஏன்டா எடுக்குற, இலையில உட்கார்ந்தவுகள எடு"ன்னு விரட்டுற ஒரு இடம் வரும். மொத்தம் பதினஞ்சு நொடி இருக்கும். அப்பத்தா குரல் வேற எங்கயும் பதிவாகல. இப்படி ஒரு பதினஞ்சு நொடி உங்க வீட்டு டிஸ்க்லயும் இருக்கும். யாரோட குரல்னுதான் எனக்குத் தெரியாது. ஒரு பெரியப்பா, கொட்டகை போட்ட பழைய வீடு, தெருவுல வர்ற மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பின்னாடி இன்னிக்கு இல்லாத ஒரு டீக்கடை, 2010 டிசம்பரோட நின்னுபோன போடி மீட்டர்கேஜ் ரயில். கல்யாண வீடியோக்காரர் அதையெல்லாம் வேணும்னு எடுக்கல, அதுவா வந்து விழுந்தது. நம்ம ஊரோட அந்தக் காலப் படம் பெரும்பாலும் இந்த டிஸ்க்குகள்லதான் இருக்கு. எந்த ஓடிடியும் இதை வாங்காது.

நாலு வருஷமா சிக்னல் பிராசஸிங்ல ஆரம்பிச்சு நெட்வொர்க்ஸ் வரைக்கும் படிச்சிட்டோம். சுருக்கம், பிட்ரேட், கோடெக் எல்லாம் யூனிட் டெஸ்ட்டுக்கு எழுதினோம். வீட்டுல உள்ளவங்களுக்கு அது உபயோகப்படுற முதல் இடம் இதுவா இருக்கலாம். டெலிகிராம்ல இறக்கின படத்தை ஓட்டுறதுக்கு நான் இவ்வளவு எழுதல, அது உங்க பாடு.

செமஸ்டர் லீவுல எல்லா டிஸ்க்கையும் ஒரே மூச்சுல மாத்தக் கிளம்பாதீங்க, ரெண்டே நாள்ல சலிச்சிடும். டிஸ்க் டிரைவ் இல்லைன்னா யூஎஸ்பி டிரைவ் ஒண்ணைக் கடன் வாங்குங்க, எங்க ஹாஸ்டல்லயே ஒண்ணு ரூம் ரூமாச் சுத்துது. முதல்ல ஒரே ஒரு டிஸ்க். துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் துடைச்சு, அப்படியே ஒரு முழுப் பிரதி எடுத்து வைங்க. அதை அழிக்காதீங்க. அப்புறம் ராத்திரி மாத்தி, காலையில டிவியில போடுங்க. டேஷ்போர்டுல டைரக்ட் பிளேன்னு வந்தா, சிபியூ அஞ்சு சதவீதத்துல தூங்கிக்கிட்டு இருந்தா, வேலை முடிஞ்சுது.

எந்த டிஸ்க்கை முதல்ல எடுக்கிறதுன்னு மட்டும் நீங்களா முடிவு பண்ணாதீங்க. அம்மாகிட்ட கேளுங்க.